கஞ்சிச் சட்டிக்குள் ட்ரென்ட் ஆறு

அரிசிக் கஞ்சியை வாயகன்ற சட்டியில் ஊற்றி ஆறவிடுங்கள். சற்று நேரத்தில் மேலே மெல்லிய ஏடு படியும். பருக்கை அடியில் தங்கும். இடையில் கஞ்சித் தண்ணீர் நிற்கும். சட்டியை மெல்லச் சாய்த்தால் தண்ணீர்தான் முதலில் ஓடிவரும். பருக்கை அடியைப் பற்றிக்கொண்டு பின்தங்கும். சட்டியை நிமிர்த்திவிட்டு ஒரு பக்கமிருந்து ஊதுங்கள். ஏடு சுருங்கி எதிர்ப்பக்கம் ஒதுங்கும். கீழே கிடக்கிற பருக்கைக்கு நீங்கள் ஊதியதே தெரியாது.

இன்னும் ஒன்று செய்து பார்க்கலாம். கொஞ்சம் சீரகத்தைத் துணியில் முடிந்து, நூலில் கட்டிச் சட்டிக்குள் இறக்குங்கள். முடிச்சு அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். நூலின் மறுமுனை உங்கள் கையில். நடுவில் கொஞ்சம் நூல் ஏட்டின் மேல் தளர்வாகக் கிடக்கட்டும். இப்போது ஊதினால் ஏடு போகும், ஏட்டோடு நூல் போகும், நூல் இழுக்க முடிச்சும் நகரும். அதே நூலை விரலால் ஏட்டுக்குக் கீழே அமுக்கிவிட்டு ஊதுங்கள். முடிச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஓடுகிற ஆற்றில், காற்றடிக்கிற நாளில், தக்கைத் தூண்டில் போடுகிறவருடைய பாடு மொத்தமும் இந்தச் சட்டிக்குள் இருக்கிறது. தக்கை மிதப்பது ஏட்டில். மீன் மேய்வது பருக்கை மட்டத்தில். இரண்டுக்கும் நடுவே நரம்பு. மேலே இருப்பதன் பேச்சைக் கேட்காமல், கீழே இருப்பதன் வேகத்துக்கு இரையை நடத்திச் செல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு இங்கிலாந்தின் ட்ரென்ட் ஆற்றை வைத்துக்கொள்வோம். ஸ்டாஃபர்ட்ஷயர் மேட்டில் பிறந்து, நாட்டிங்ஹாமைத் தொட்டுக்கொண்டு, ஹம்பர் முகத்துவாரத்தில் கலக்கிற ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஆறு. ரோச், டேஸ், சப் என்று சின்னதும் பெரியதுமாக மீன்கள். அடியில் மீசையோடு மேய்கிற பார்பெல், நம் கெண்டைக்கு உறவு. தக்கைத் தூண்டிலுக்கு இதைவிடப் பெயர்போன ஆறு அந்த நாட்டில் இல்லை என்பது என் கட்சி. தேம்ஸ்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். ரீலிலிருந்து நரம்பை விட்டுக்கொண்டே போய், ஆற்றின் போக்கிலேயே இரையை அனுப்புகிற முறைக்கு ‘நாட்டிங்ஹாம் பாணி’ என்றே அங்கே பெயர். ‘ட்ரென்ட் ஆட்டர்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜே.டபிள்யூ. மார்ட்டின் 1882-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

இந்த ஆற்றுக்கு ஒரு தலைவிதி உண்டு. பிரிட்டனில் பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. நாட்டிங்ஹாமிலிருந்து நியூவர்க் வரை ட்ரென்ட் போவது, வளைவு நெளிவுகளைக் கழித்துவிட்டால், வடகிழக்கு நோக்கி. ஆக, காற்றும் ஆறும் ஒரே பக்கம் போகின்றன. ஆற்றோடு போகிற காற்று நல்லதுதானே என்று தோன்றும். தக்கைக்காரருக்கு அதைவிடக் கெட்ட காற்று கிடையாது.

ஏன் என்று பார்க்க, முதலில் காற்றை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் கவனிப்போம். ஆற்றின் அடியில் கல், சரளை, பாசி. அவற்றை உரசிப் போகிற தண்ணீர் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. அதற்கு மேலே இருக்கிற தண்ணீர் கொஞ்சம் வேகம், அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம். நீர்வளப் பொறியாளர்கள் ஆற்றில் ஒரு மிதவையைப் போட்டு வேகம் அளக்கும்போது, கிடைத்த கணக்கை 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். மேல்மட்டம் எப்போதும் கூடுதலாகக் காட்டும் என்பதால்தான் அந்தக் கழிவு. அதுவும் மேலிருந்து கீழ்வரைக்குமான சராசரிக்குத்தான். மீனின் மூக்கு இருக்கிற இடத்தில் வேகம் இன்னும் குறைவு.

2 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடம். மேல்நீர் நொடிக்கு 60 சென்டிமீட்டர் போகிறது, அடிநீர் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 நொடியில் தக்கை 12 மீட்டர் போய்விடும். அடியில் தானாக உருண்டு போகிற ஒரு புழு 7 மீட்டர்தான் போயிருக்கும். முள்ளில் கோத்த புழு மட்டும் தக்கையின் வாலைப் பிடித்துக்கொண்டு, மற்ற புழுக்களை முந்திக்கொண்டு ஓடினால் எந்த ரோச் வாயைத் திறக்கும்? இழுபடுகிற இரை வேகமாக ஓடுவதோடு நிற்பதில்லை. நரம்பு சாய்வதால் அடியை விட்டு மேலேயும் எழும்பிவிடுகிறது.

இதற்கு மருந்து, தக்கையைப் பிடித்துப் பிடித்து விடுவது. கோலை உயர்த்தி, ரீலின் விளிம்பில் விரல் வைத்து, நரம்பை ஆறு கேட்கிற வேகத்தில் கொடுக்காமல் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டும். தக்கை பின்தங்கும்; அடியில் இரை அதை முந்தி, முதலில் மீனிடம் போகும். கேட்க எளிது. அளவுக்கு மேல் பிடித்தால் ஓட்டம் நரம்பைத் தள்ளி இரையை மேலே தூக்கிவிடும். தக்கையும் கரைப்பக்கம் ஒதுங்கிவரும். அதனால் பிடிமானத்துக்குத் தக்கபடி எடையும் வேண்டும். எடையைத் தாங்கத் தக்கைக்குத் தோளும் வேண்டும்.

‘ஸ்டிக்’ என்கிற தக்கை இப்படிப் பிறந்ததுதான். மேல்பாதி பால்சா கட்டை, கீழ்ப்பாதி பிரம்பு அல்லது தண்ணீரில் அமிழ்கிற கனமான மரம். லங்காஷயரின் பென்னி ஆஷ்ஹர்ஸ்ட்டுக்குத்தான் இதை உருவாக்கிய பெருமையைத் தருகிறார்கள். மேலும் கீழும் இரண்டு ரப்பர் வளையங்களால் நரம்போடு பிடித்து வைப்பார்கள். நரம்பு தக்கையின் தலையிலிருந்து கிளம்புவதால், பிடித்து நிறுத்தினாலும் தக்கை தலைகுப்புற மூழ்காது. இந்த ஒரு நுணுக்கம் பின்னால் தேவைப்படும்.

ஈயக்குண்டுகளை அடுக்குவதிலும் கணக்கு உண்டு. ஒரு ‘பிபி’ குண்டு 0.4 கிராம், ‘ட்ரிபிள் ஏ’ 0.8 கிராம், 8-ஆம் எண் குண்டு வெறும் 0.06 கிராம். எண் கூடக்கூடக் குண்டு சிறுக்கும். ஈயக்குண்டு என்று பழக்கத்தில் சொல்கிறேன். கரையில் சிந்திய ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0.06 கிராமுக்கு மேற்பட்ட தூண்டில் ஈயத்துக்குத் தடை. மிகப்பெரிய எடைகளுக்கு மட்டும் விலக்கு. இப்போது வேறு உலோகக் கலவைகள் வந்துவிட்டன.

மிதமான ஓட்டத்தில், ஆழத்தில் ஓர் அடிக்கு ஒரு 4-ஆம் எண் குண்டு என்று சீரான இடைவெளியில் கடித்து வைப்பார்கள். சட்டைப் பொத்தான் வரிசை என்றே அதற்குப் பேர். ஒவ்வொரு குண்டும் தன் மட்டத்துத் தண்ணீரில் நரம்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஓட்டம் கூடி, சுழலும் கொப்பளிப்பும் வந்துவிட்டால் இந்த அடுக்கு போதாது. அப்போது பெரும்பங்கு எடையை ஒன்றாகத் திரட்டி, முள்ளிலிருந்து இரண்டடி மேலே வைப்பார்கள். மொத்த எடையும் மேல்மட்டங்களைத் தாண்டி ஒரேயடியாக அடிக்குப் போய்விடும். இங்கே கஞ்சிச் சட்டி கொஞ்சம் கைவிடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கஞ்சி கெட்டி, அடுக்குகள் ஒழுங்காக நிற்கும். ஆறு அப்படி இல்லை. அடியிலிருக்கிற ஒரு பெரிய கல், மெதுவான நீரை ஒரு கொப்பளிப்பாக மேலே தள்ளிவிடும். மேல்நீர் வேறோரிடத்தில் கீழே இறங்கும். சராசரியாகப் பார்த்தால்தான் அடுக்கு.

இனிக் காற்று.

தூண்டில்காரர்கள் பலர் காற்றடித்தால் தக்கையைத் திட்டுவார்கள். கனமான தக்கை, கனமில்லாத தக்கை, மெல்லிய நுனி, தடித்த நுனி என்று பெட்டியைக் குடைவார்கள். குற்றவாளி தக்கை அல்ல, நரம்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே தெரிகிற தக்கை நுனி 3 மில்லிமீட்டர் தடிமன், 1 சென்டிமீட்டர் உயரம். காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு 0.3 சதுர சென்டிமீட்டர். 0.15 மில்லிமீட்டர் நரம்பு, 20 மீட்டர் நீளம் வெளியே இருக்கிறது. அதன் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். கண்ணுக்கே சரியாகத் தெரியாத நரம்பு, தக்கை நுனியைப்போல 100 மடங்கு காற்றை வாங்குகிறது. கோலிலிருந்து தக்கைவரை அது வில்லாக வளைந்து புடைக்கும். அந்த வில்லின் இழுப்பைத்தான் தக்கை தாங்குகிறது.

இரண்டாவது, காற்று தண்ணீரையும் தள்ளுகிறது. திறந்த நீர்ப்பரப்பில் காற்று தன் வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்தை மேல்நீருக்குக் கொடுத்துவிடும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றென்றால் நொடிக்கு 10 மீட்டர். அதில் 3 சதவீதம் 30 சென்டிமீட்டர். கரை மேடும் மரங்களும் மறைக்கிற ஆற்றில் இவ்வளவு வராது. பாதி வந்தாலே போதும், 60 போன மேல்நீர் 75 ஆகிவிடும். ஆனால் அடிநீர் அதே 35-தான். ஆற்றோடு போகிற காற்று கெட்டது என்று சொன்னதன் காரணம் இதுதான். ஏட்டுக்கும் பருக்கைக்கும் ஏற்கெனவே இருந்த இடைவெளியை அது அகலமாக்குகிறது. நரம்பு வில்லும் தக்கையைத் தாண்டி முன்னே போய், அதை வலிக்கத் தொடங்கும்.

எதிர்ப்பக்கம், அதாவது ஆற்றை எதிர்த்து வீசுகிற இளங்காற்று, வரம். மேல்நீரை அது கொஞ்சம் தடுக்கிறது. நரம்பைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நம் விரல் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் காற்றே செய்துவிடும். முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதும் மோசமில்லை. நரம்பை நேராக நீட்டிக் கொடுக்கும். முகத்துக்கு நேரே வருவது வேறு வம்பு. எறிவதே பாதி தூரம்தான் விழும். விழுந்த தக்கையையும் கரைக்கு ஓட்டிக்கொண்டு வரும்.

சரி, கெட்ட காற்று வந்துவிட்டது. என்ன செய்வது?

முதல் மருந்து பெட்டியில் இல்லை. கிட்டே போடுவதுதான் அது. 20 மீட்டர் நரம்பு வெளியே இருந்தால்தானே 30 சதுர சென்டிமீட்டர்? 6 மீட்டரில் போட்டால் 9-தான். 13 அடிக் கோல், அதாவது 4 மீட்டர் நீளம், கோல் நுனிக்கும் தக்கைக்கும் நடுவே தண்ணீரில் நரம்பே படாமல் செய்துவிடும். இத்தாலியின் பொலோனியாக்காரர்கள் இதற்காகவே 6, 7 மீட்டர் மடக்குக் கோல்களும் குண்டுத் தக்கைகளும் வைத்துப் புழங்குகிறார்கள். நடு ஆற்றில்தான் மீன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: காற்றும் மழையும் சேர்ந்து ஆறு ஏறியிருக்கிற நாளில் மீனும் நடு ஆற்றின் இழுப்பைத் தாங்காமல் கரையோரம்தான் வந்து நிற்கும். வேக நீரும் மந்த நீரும் உரசிக்கொள்கிற கோடு ஒன்று மேலேயே தெரியும், ஒரு பக்கம் நெளிநெளியாகவும் மறுபக்கம் வழவழவென்றும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழத்தில் தக்கையை விட்டால் போதும்.

இரண்டாவது, நரம்பை எடுத்துப் போடுவது. தக்கை போகப்போக நரம்பு முன்னே வில்லாக வளைகிறதல்லவா? கோலைத் தூக்கி, மணிக்கட்டைச் சுழற்றி, அந்த வில்லை அப்படியே எடுத்து ஆற்றின் மேல்பக்கம் போட வேண்டும், தக்கை துள்ளாமல். நரம்பு மிதந்தால்தான் இப்படித் தூக்க முடியும். அதனால் ஸ்டிக் போடுகிறவர்கள் நரம்புக்கு எண்ணெய்ப் பசை தடவி மிதக்க விடுவார்கள். நல்ல கை உள்ளவர் இதைச் செய்யும்போது தக்கை நுனி அசைவதைக்கூடப் பார்க்க முடியாது.

காற்று இன்னும் கூடினால், தூக்கிப் போட்ட மறுநொடியே வில் திரும்ப வந்துவிடும். அப்போது தக்கைக்கு மேலே, கோல் பக்கத்து நரம்பில், ஒரு சாண் தள்ளி ஒரு 8-ஆம் எண் குண்டைக் கடித்து வைப்பார்கள். அந்த 0.06 கிராம், தக்கையை ஒட்டிய நரம்பை மட்டும் ஏட்டுக்குக் கீழே அமுக்கிவிடும். மற்றது மிதக்கும். இது அரைகுறை வைத்தியம்தான், ஆனால் பல நாள் இதுவே போதும்.

அதுவும் தாங்காத காற்றில் ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ‘வேக்லர்’ போட வேண்டியதுதான். பெரும்பாலும் மயிலிறகுத் தண்டு. நம் ஊர்த் தூண்டில்களிலும் மிதக்கிற அதே தண்டு. இதில் நரம்பு தக்கையின் காலில் மட்டும் பூட்டப்படும். இருபுறமும் பெரிய குண்டுகள் கடித்து நிறுத்தியிருக்கும். மொத்த எடையில் பெரும்பங்கு அங்கேயே. நரம்பு தண்ணீருக்கு அடியிலிருந்தே கோலை நோக்கிக் கிளம்புகிறது. எறியும்போது வேண்டிய இடத்தைத் தாண்டி எறிந்து, கோல் நுனியை ஒரு முழம் தண்ணீருக்குள் விட்டு, ரீலைச் சட்டென்று நாலைந்து சுற்றுச் சுற்றினால் முழு நரம்பும் அமிழ்ந்துவிடும். அமிழ அடம்பிடிக்கிற புது நரம்புக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தை ஒரு சொட்டுத் தடவுவார்கள். எண்ணெய்ப் பசை போனதும் நரம்பு தண்ணீரைப் பிளந்து இறங்கும். ஸ்டிக்குக்குப் பசை, வேக்லருக்குச் சோப்பு. ஒரே நரம்பை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு அல்லாடுவதைவிட இரண்டு ரீல் வைத்துக்கொள்வது மேல்.

கஞ்சிச் சட்டியில் நூலை ஏட்டுக்குக் கீழே அமுக்கினோமே, அதுவேதான் இது. ஆனால் ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். நரம்பு காலிலிருந்து போவதால் இப்போது தக்கையைப் பிடித்து நிறுத்த முடியாது. பிடித்தால் தலைகுப்புற மூழ்கும். மேலே கையால் போட்ட பிரேக் போய்விட்டது. அப்படியானால் பிரேக்கை அடியில்தான் போட வேண்டும். ஆழத்தைவிட ஒரு சாண், ஒன்றரைச் சாண் கூடுதலாக நரம்பு விட்டு, கடைசி 8-ஆம் எண் குண்டு ஒன்றிரண்டையும் இரையையும் தரையில் உரசிக்கொண்டு போகவிடுவார்கள். முடிச்சு பருக்கையைத் தேய்த்துக்கொண்டு நகர்கிறது. அந்த உரசல்தான் தக்கையைத் தாமதப்படுத்துகிறது. இதனால்தான் ஆற்று வேக்லருக்கு நுனி தடிப்பாக இருக்கும். குளத்துக்கு ஆகிற ஊசி நுனியை இங்கே போட்டால், குண்டு ஒவ்வொரு சரளைக் கல்லிலும் தட்டும்போது தக்கை முங்கி முங்கி எழும். மீன் கடித்ததா, கல் கடித்ததா என்று தெரியாது. தடித்த நுனி கல்லுக்குத் தலையாட்டும், மீனுக்குத்தான் முழுகும். கொத்தியதும் கோலை மேலே தூக்கி வெட்டுவதும் இங்கே ஆகாது. நரம்பு முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கிறது. கோலைத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டில், ஆற்றின் மேல்பக்கமாக நீளமாக வீச வேண்டும்.

தக்கையின் எடை விஷயத்தில் அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: காற்றுநாளில் தேவை என்று உங்களுக்குத் தோன்றுகிற எடையைவிடக் கூடுதலாகப் போடுங்கள். புதியவர்கள் மெல்லிய தக்கைதான் நாசூக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடியில் நிலையாக நகரும் இரையோடு கூடிய கனத்த தக்கை, அலைபாய்கிற நாசூக்கான தக்கையைவிட எவ்வளவோ மேல்.

ரீலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டிங்ஹாமின் மரச் சக்கர ரீலும், அதன் வழியில் 1890-களில் ஹென்றி காக்ஸன் வடிவமைத்து ஆல்காக் நிறுவனம் செய்து விற்ற ‘ஏரியல்’ ரீலும் அச்சில் தானாகச் சுழல்பவை. தக்கையை இழுக்கிற ஓட்டமே சக்கரத்தைச் சுழற்றி நரம்பை எடுத்துக்கொள்ளும். விளிம்பில் கட்டைவிரல் வைத்தால் பிரேக். இதைவிட வழுக்கலாக நரம்பு கொடுக்கிற கருவி இன்றுவரை இல்லை. காற்றில் மற்ற ரீல்களின் நரம்பு சுருள் சுருளாகப் பறந்து கைப்பிடியில் சிக்குவதைப் பார்த்து, 1970-களின் போட்டிக்காரர்கள் சுவீடனின் ஆபு நிறுவனத்து மூடிய முக ரீலுக்கு மாறினார்கள். நரம்பு மூடிக்குள்ளிருந்து வருவதால் காற்றுக்கு அகப்படாது.

தூண்டிலை இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்துவிட்டு, கைப்புழுவை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. முள்ளில் ஒன்று போனால் அதைச் சுற்றிச் சும்மா பத்து, இருபது புழு போக வேண்டும். அவற்றைத் தின்று பழகித்தான் மீன் ஏமாறும். உண்டிவில்லில் வைத்து அடிக்கிற ஈப்புழுவைக் காற்று சிதறடிக்கும். தண்ணீரில் விழுந்தபின் அது அடுக்கு அடுக்காக இறங்கி, அடியைத் தொடுவதற்குள் பல மீட்டர் போய்விடும். 2 மீட்டர் ஆழத்தை இறங்கி முடிக்க ஒரு புழுவுக்கு 20 நொடி ஆனால், மேலே சொன்ன கணக்குப்படி அது 10 மீட்டர் கீழேதான் தரைதட்டும். நீங்கள் மீனைக் கூட்டுகிற இடமும் தக்கை போகிற இடமும் வேறுவேறாகிவிடும். அதனால் புழுவை எப்போதும் தனக்கு மேல்பக்கமாக, காற்றுநாளில் இன்னும் மேல்பக்கமாகப் போட வேண்டும். கையெட்டும் தூரத்தில் தக்கை விடுகிற நாளில் உண்டிவில்லே வேண்டாம், கையாலேயே வீசலாம். கிட்டே போடுவதில் இந்த லாபமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கிலாந்தில் ஆற்று மீனுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை விடுமுறை. ஜூன் 16-இல் கோலை எடுக்கிறவர்களுக்கு முதல் சில மாதம் பெரிய சிக்கல் இல்லை. இலையுதிர்காலம் வந்ததும் தென்மேற்குக் காற்று வேகமெடுக்கும். ஆறு கலங்கி ஏறும். மரங்கள் மொத்த இலையையும் தண்ணீரில் கொட்டும். காற்றையாவது ஏமாற்றலாம். மேலே, நடுவே, அடியில் என்று எல்லா மட்டத்திலும் உருண்டு வருகிற இலையை ஏமாற்ற வழியில்லை. மிதக்கிற நரம்பிலும் சிக்கும், அமிழ்ந்த நரம்பிலும் சிக்கும். அப்படிப்பட்ட நாளில் ட்ரென்ட்காரர்கள் தக்கையைக் கழற்றிவிட்டு, இரை அடைத்த கூண்டு ஈயத்தைக் கட்டி அடியில் உட்கார வைத்து, கோலைத் தாங்கியில் நிறுத்திவிடுவார்கள். கோல் எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு குறைவான நரம்பு தண்ணீருக்குள் இருக்கும். இலையும் அவ்வளவுக்குக் குறைவாகத்தான் மாட்டும்.